நடக்காத கூட்டத்தின் பக்கங்கள்

கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து, கைரேகை வைக்கிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு பலகை தெரியும். பெண்களுக்குத் தொல்லை நடந்தால் புகார் வாங்குகிற கமிட்டியின் பலகை. அதில் ஐந்து போட்டோக்கள். மூன்றாவது போட்டோ அம்சவேணியுடையது. எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அப்போது கன்னம் கொஞ்சம் உப்பலாக இருந்தது.

"அம்சாக்கா, போட்டோல ஏன் இப்டி மொறைக்கிற? ரிஜெக்ட் ஆன பீஸ் மாதிரி கீற" என்று வரிசையில் பின்னால் நிற்கிற பெண்கள் கேலி பேசுவார்கள்.

"போட்டோ புடிச்சவன் சிரிக்காதன்னுட்டான். கமிட்டின்னா மொறைக்கணுமாம்" என்பாள் அம்சவேணி.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற நெடுஞ்சாலையில், வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே இருந்தது அந்த ஷூ கம்பெனி. அம்சவேணி மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். பத்தொன்பது வருஷமாக ஒரே டேபிள். ஷூவின் மேல்தோலை ஓரத்தில் ஸொல்யூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் படிய வைக்கிற வேலை. சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்ந்தால் ஸொல்யூஷன் வாடை தலைக்கு ஏறும். மத்தியானம் கையை மூன்று முறை கழுவினாலும் களி உருண்டையில் அந்த வாடைதான் முதலில் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஷூ வாங்குகிற ஜெர்மன்காரர்களிடமிருந்து ஆடிட் வரும். வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். கக்கூஸில் சோப்பு வரும். முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வரும். மூக்கை மூடுகிற மாஸ்க் வரும். அதேபோல அம்சவேணிக்கு எச்.ஆர். ரூமிலிருந்து அழைப்பு வரும். ஏ.சி. குளிரில் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், கமிட்டிக் கூட்டத்தின் வெற்றுத் தாள்கள்.

"அடியில மட்டும் போடுங்கக்கா. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம் நடந்த மாதிரி மேல நான் நிரப்பிக்கிறேன். டார்கெட் போய்டும், நீங்க ஓடுங்க" என்பாள் எச்.ஆர். மேனேஜர் ஹரிணி மேடம்.

அம்சவேணி நிதானமாக, எழுத்துக் கூட்டி, 'ரா. அம்சவேணி' என்று போட்டுவிட்டு வருவாள். ஆறு வருஷத்தில் கமிட்டி ஒருமுறைகூடக் கூடியதில்லை. அது தப்பு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கக்கூஸில் சோப்பு வைப்பதுபோல அதுவும் ஆடிட்டுக்குச் செய்கிற வேலைகளில் ஒன்று. இந்த வருஷம் தாள் இரண்டு கூடுதலாக இருந்தது. "எழுதறப்ப தப்பாயி அடிச்சுட்டா மாத்திக்கலாம்" என்றாள் ஹரிணி. அதற்கும் போட்டாள்.

ஹரிணி கேட்டு அம்சவேணி எதை மறுத்தாள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் ஸ்வேதாவுக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிப்போனபோது, சத்துவாச்சாரியில் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காரைத் திருப்பிக்கொண்டு வந்தவள் ஹரிணி. குழந்தையை வேலூருக்குத் தூக்கிப்போய், படுக்கை வாங்கிக் கொடுத்து, விடிகிறவரை வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளே இட்லி வாங்கி வந்தாள். அந்த அன்பில் பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அம்சவேணி அதைப் பொய் என்று சொல்லமாட்டாள்.

மாசி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு அம்மா பயிற்சி கொடுக்க வந்தார். பலகையில் ஐந்தாவது போட்டோ அவருடையது. நேரில் பார்த்தது அன்றுதான். அவர் கதை மாதிரி சொன்னார். உலகத்து நாடுகள் எல்லாம் கூடி, பெண்ணைப் பெண் என்பதற்காக யாரும் தாழ்த்தக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் எழுதின. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. போட்டதோடு அது பெட்டிக்குள் கிடந்தது. பிறகு ராஜஸ்தானில் ஊர் வேலைக்குப் போன ஒரு ஏழை அம்மாவுக்கு அக்கிரமம் நடந்து, பெண்கள் டெல்லியில் பெரிய கோர்ட்டுக்குப் போனார்கள். வேலை செய்கிற இடத்தில் பெண்ணைக் காப்பாற்ற நம் நாட்டில் சட்டம் இல்லையே என்ற பேச்சு வந்தது. 'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே. சட்டம் வருகிறவரை அதை வைத்து நாங்கள் சொல்வதே சட்டம்' என்றார்கள் நீதிபதிகள். பதினாறு வருஷம் கழித்துச் சட்டமும் வந்தது. அதனால்தான் உங்கள் கேட்டில் அந்தப் பலகை.

அம்சவேணிக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ராஜவேலு தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இருபது வருஷம் நின்றவன். வெடித்த கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒலகம் பூரா ஒண்ணா சேந்து, கோர்ட்டுக்கு ஏறி எறங்கி, கடசில ஒன் போட்டோவ மாட்டிக்கிறானுங்க. பெரிய ஆளுதாண்டி நீ" என்றான்.

"கிண்டல் பண்ணாத. பொறுப்புய்யா அது."

"நான் இன்னா இல்லன்னா சொன்னேன்? களியப் போடு."

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். எதிர் டேபிளில் வேலை செய்கிற ரஃபத் ஜஹான் சாப்பிடாமல் இருப்பதை அம்சவேணி கவனித்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண். அப்பா இல்லை. ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு இருக்கிறாள். அவளுடைய குஸ்காவில் பாதி அம்சவேணிக்கு, அம்சவேணியின் களியும் வேர்க்கடலைச் சட்னியும் பாதி அவளுக்கு என்று ரெண்டு வருஷமாக வழக்கம்.

"இன்னாடி, ரெண்டு நாளா டப்பாவ தொறந்து தொறந்து மூட்ற? குஸ்காவுக்கு வேர்க்குதுன்னு காத்து உட்றியா?"

ரஃபத் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்டோருக்குக் கூப்புட்றாருக்கா."

"யாரு, ஹேமந்தா?"

ஹேமந்த் அவர்கள் லைனின் சூப்பர்வைசர்.

"ஜோடி பாக்கணும், வான்றாரு. ஒனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுதுன்றாரு."

வலது கால் தோலும் இடது கால் தோலும் ஒரே நிறச் சாயலில் இருக்கவேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஜோடி சேர்க்கக் கூர்மையான கண் வேண்டும். ரஃபத்துக்கு அது இருந்தது.

"போனா, அவரு தோலப் பாக்க மாட்றாருக்கா" என்றாள். "கதவ சாத்திட்றாரு. கழுத்துல கைய வெக்கிறாரு. நேத்து..." துப்பட்டா நுனியை முறுக்கினாள். "வேலைய உட்டுடலாம்னு பாக்குறேன். அம்மீகிட்ட இன்னா சொல்றதுன்னு தெரில."

"நீ எதுக்கு உடணும்? எழுதிக் குடு. நாங்க விசாரிப்போம்."

"பேரு வெளிய வந்துச்சின்னா? நிக்காஹ் பேச்சு நடக்குதுக்கா. ஊரு இன்னா பேசும்?"

"வராது. வெளிய சொன்னா சொன்னவங்களுக்குத் தண்டனைன்னு சட்டத்துலயே கீது. எம்மேல நம்பிக்க கீதா, இல்லியா?"

ரஃபத் அவளை நேராகப் பார்த்தாள். "ஒங்க மேல கீதுக்கா. பலகை மேல இல்ல."

அன்று சாயங்காலமே, பஸ் கிளம்புமுன், ரஃபத் சொல்லச் சொல்ல அம்சவேணி எழுதினாள். எழுதி முடித்ததும் அந்தப் பெண் அம்சவேணியின் தோளில் ஒரு நிமிஷம் சாய்ந்துகொண்டாள். கடவுள் ஒருவர்மேல் வைக்கிற பாரத்தை இன்னொருவர் தோள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்சவேணி எப்போதும் நம்பினாள். அன்றைக்கு அது கையில் தொடுகிற மாதிரி உண்மையாக இருந்தது.

விசாரணையும் நடந்தது. கமிட்டி முதல் முதலாகக் கூடியது. ஹரிணி, அக்கவுண்ட்ஸ் பிரிவு உமர் ஃபாரூக் சார், அம்சவேணி. நாலாவது போட்டோக்காரர் கம்பெனியை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சென்னை அம்மாவுக்கு வேறு வேலை, வரவில்லை என்றார்கள். ரஃபத் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஹரிணி எழுந்து வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். உமர் ஃபாரூக் சார் "பயப்படாம பேசும்மா" என்றார். ஹேமந்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கண்டிச்சு வேல வாங்குறேன்ற கோவத்துல பொய் சொல்லுது மேடம்" என்றான்.

"அப்ப ஜோடி பாக்க எதுக்குக் கதவ சாத்தணும்? வெளிச்சத்துலதான ஷேடு தெரியும்?" என்று கேட்டாள் அம்சவேணி. ஹரிணி அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ரஃபத் அம்சவேணியின் கையைப் பிடித்தாள். "கரெக்டா கேட்டீங்கக்கா. எனக்கு அது தோணவே இல்ல." அன்றைக்கு இருவரும் குஸ்காவை வழித்துத் தின்றார்கள்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கம்பெனி லீவு. கூட்டத்தில் நசுங்கி, அம்மன் சிரசு தெருவில் வருவதைப் பார்த்து, 'அந்தப் பொண்ணுக்கு நல்ல தீர்ப்பா வரணும் தாயே' என்று அம்சவேணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ரஃபத் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகிற கூட்டத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்சவேணி பக்கத்தில் போனாள்.

"இன்னாடி இங்க நிக்கிற? பெல் அடிக்கப் போவுது."

"என் ரேகைய மெஷின் எடுக்கல. காண்ட்ராக்ட் முடிஞ்சிப்போச்சாம்." அவள் குரல் தட்டையாக இருந்தது. கையில் இருந்த தாளை நீட்டினாள். "இது கமிட்டி ரிப்போர்ட்டு. படிங்க."

அம்சவேணி படித்தாள். இரண்டாவது கூட்டம் ஒன்று நடந்ததாம். அதில் புகார் கொடுத்த பெண், வேலையில் கண்டித்த கோபத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தானே ஒப்புக்கொண்டு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். உறுப்பினர்கள் ஒருமனதாக முடிவு செய்தார்களாம். அடியில் மூன்று கையெழுத்து. நடுவில், நிதானமாக, எழுத்துக் கூட்டி, 'ரா. அம்சவேணி'.

"ஒங்க கையெழுத்துதான?"

அம்சவேணி தாளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஆமாவா, இல்லியா? சொல்லுங்கக்கா."

"கையெழுத்து என்னுதுதான். ஆனா ரஃபத்து, நான் இத..."

"போதும்" என்றாள் ரஃபத். "ஹேமந்து நேத்து சாயந்தரம் எங்க தெரு டீக்கடையில வந்து சொல்லிட்டுப் போயிருக்கான், நானே மன்னிப்புக் கேட்டேன்னு. பையன் வீட்டுக்காரங்க காலையில போன் பண்ணிட்டாங்க. அம்மீ பாயை உட்டு எந்திரிக்கல." தாளை வாங்கி நாலாக மடித்தாள். "அந்தாளு பண்ணதுகூட எனக்குப் புரியுதுக்கா. அவன் அப்டித்தான்னு தெரியும். நீங்க பண்ணதுதான் புரில."

அவள் நெடுஞ்சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். பெல் அடித்தது. அம்சவேணி டேபிளுக்குப் போகவில்லை. நேராக எச்.ஆர். ரூமுக்குப் போனாள்.

ஹரிணி அவளைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள். "உக்காருங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"ரெண்டாவது கூட்டம் எப்ப மேடம் நடந்துது?"

ஹரிணி டீ சொல்ல எடுத்த போனைக் கீழே வைத்தாள்.

"நான் அடியில போட்டுக் குடுத்த தாளுதான அது? அடிச்சுட்டா மாத்திக்கலாம்னு ஜாஸ்தி வாங்கினீங்களே, ரெண்டு தாளு?"

"அக்கா, அப்ப நான் எதையும் நெனச்சு வாங்கல. சத்தியமா." ஹரிணியின் கண் கலங்கியிருந்தது. "ஜெர்மனியில இப்ப சட்டம் போட்டுட்டாங்க. இங்க மனித உரிமை மீறல் நடந்தா அங்க வாங்குறவன் பதில் சொல்லணும். பெருசா ஃபைன் வரும். புகார் நெஜம்னு ரிப்போர்ட் போனா, ஆர்டர தூக்கி வேற நாட்டுக்குக் குடுத்துடுவான்னு எம்.டி. பயப்பட்றாரு. ரெண்டாயிரம் பேருக்கா. உங்களையும் சேத்துதான்."

"அவன அனுப்பிட்டு, தப்பு நடந்துது, சரி பண்ணிட்டோம்னு எழுதலாமே?"

"சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"அதுக்குப் பொண்ண அனுப்பிட்டீங்க."

"நீங்க படிச்சுப் பாக்காம போட்டீங்க. நானா கையப் புடிச்சுப் போட வெச்சேன்?" குரல் ஒரு கணம் கெட்டிப்பட்டுத் திரும்பத் தணிந்தது. "ஸ்வேதா எப்டி இருக்கா? பன்னெண்டாவது தான? நான் இருக்கேன்க்கா அவளுக்கு. இத இதோட விட்ருங்க."

மகளின் பெயரை அந்த இடத்தில் கேட்டபோதுதான் அம்சவேணிக்கு அழுகை வந்தது. வராந்தாவில் கூட உட்கார்ந்திருந்த மனுஷியும் இவள்தான். அந்த நன்மையை இவளே இப்படி எடுத்து மேஜைமேல் வைப்பாள் என்று அவள் நினைத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் இரண்டு நாள் சரியாக உலை வைக்கவில்லை. ராஜவேலுதான் கீரை கடைந்தான்.

"லேபர் ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்யா. வெறும் தாள்ல போட்டேன்னு."

"வேல போய்டும்டி. என் கையப் பாத்தல்ல? தொட்டியில எறங்காம ஏழு மாசம் ஆவுது. ஒன் சம்பளந்தான் ஓடுது."

"தெரியும்."

அவன் கீரைச் சட்டியை இறக்கி வைத்தான். "அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல போய் மூஞ்சியக் காட்டு. ஞாயித்துக்கெழம வண்டியில கொண்டாந்து உட்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் ரயில்வே கேட் அருகே அவளை இறக்கிவிட்டு ராஜவேலு டீக்கடை நிழலில் நின்றுகொண்டான். ஓட்டு வீடு. வாசலில் நிழல் இல்லை. அம்சவேணி செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா" என்று கூப்பிட்டாள். ரஃபத்தின் தாய் ஹலீமா பீ கதவைத் திறந்தாள். பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் வழியை விட்டு விலகி நின்றாள்.

"வா. வீடு தேடி வந்தவங்கள வெயில்ல நிக்க வெக்கக் கூடாது" என்றாள்.

உள்ளே ரஃபத் பாயில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலில் நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிற வேலை. தோலின் நிறமும் மூக்கு வளைவும் பார்த்ததும் அம்சவேணிக்குத் தெரிந்தது. அவள் டேபிளிலிருந்து போகிற அதே ஷூ.

"ஏஜெண்டு மூலமா வருது. அதே கம்பெனிதான்" என்றாள் ரஃபத், தலை நிமிராமல். "இங்க பலகையும் இல்ல, கமிட்டியும் இல்ல."

அம்சவேணி தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "அப்பீலுக்குத் தொண்ணூறு நாள் கீதாம். இத சேத்துக் குடு. அந்தக் கூட்டமே நடக்கலன்னு எழுதிக்கிறேன்."

ரஃபத் ஊசியைத் தோலில் குத்தி வைத்துவிட்டுப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் வைத்தாள்.

"'விவரம் தெரியாமல் கையெழுத்திட்டேன்'னு எழுதிக்கிறீங்க. தெரியாமலா போட்டீங்க?"

"மேல இன்னா எழுதுவாங்கன்னு தெரியாதும்மா."

"மேல ஒண்ணுமில்லன்னு தெரியும் இல்ல? கூட்டம் நடக்கலன்னு தெரியும் இல்ல? எங்கிட்ட எழுதி வாங்குனப்ப, நாங்க விசாரிப்போம்னு சொன்னீங்களே. ஆறு வருஷமா ஒருநாள்கூட கூடாத கமிட்டின்னு அன்னிக்கு ஏன் சொல்லல?"

"ரஃபத், போதும்" என்றாள் ஹலீமா பீ.

"இரு அம்மீ. அவங்க சொல்லட்டும்."

அம்சவேணி தன் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்கில் காய்ந்த ஸொல்யூஷன் தோல்போல ஒட்டியிருந்தது. ஹரிணிமேல், ஹேமந்துமேல், எம்.டி.மேல் எல்லாம் நான்கு நாளாகக் கோபப்பட்டாயிற்று. இந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றாள். "நடக்காத கூட்டம்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஒங்கிட்ட சொல்லியிருந்தா நீ எழுதிக் குடுத்திருக்க மாட்ட. சொல்லாததும் நாந்தான்."

"அப்ப அத எழுதுங்க."

ரஃபத் எழுந்து நோட்டுத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை என்று சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் குழாய்க்குப் போய்வந்தாள். அம்சவேணி புதிதாக எழுதினாள். எந்தெந்த வருஷம், எத்தனை தாள், யார் கேட்டு, என்ன சொல்லிப் போட்டாள் என்று ஒவ்வொன்றாக. 'கூட்டம் நடக்கவில்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்' என்ற வரியில் பேனா இரண்டு முறை நின்றது. ஹலீமா பீ விசிறியை எடுத்து, யாருக்கென்று சொல்லாமல், பொதுவாக விசிறிக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்து அடியில் கையெழுத்துப் போடப் போனபோது ரஃபத் தாள்மேல் கை வைத்தாள்.

"மொதல்ல படிங்க. சத்தமா."

அம்சவேணி படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். குரல் நடுவில் உடைந்தபோது ரஃபத் காத்திருந்தாள். உதவி செய்யவில்லை. படித்து முடித்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அம்சவேணி கையெழுத்துப் போட்டாள். ரஃபத் மை காயும்வரை ஊதி, கவரில் வைத்தாள்.

"அப்பீல் குடுக்க நாளைக்கு வேலூர் போறேன்."

"நானும் வர்றேன்டி. லீவு சொல்லிட்றேன். சாட்சி கேட்டா..."

"கேட்டா கூப்புட்றேன், அப்ப வாங்க. கூட வர வேணாம்."

ஹலீமா பீ சொம்புத் தண்ணீரை அம்சவேணியிடம் நீட்டினாள். அவள் முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள். ரஃபத் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்திருந்தாள். போய்வருகிறேன் என்றபோதும் அவள் தையலிலிருந்து தலை நிமிரவில்லை.

வாசலுக்கு வந்து கொதிக்கிற சிமெண்டில் கால் வைத்த அம்சவேணி செருப்பைத் தேடினாள். விட்ட இடத்தில் இல்லை. சுவரோரம், கூரை இறவாரத்தின் ஒரு சாண் நிழலில், ஜோடி சேர்த்து வைத்திருந்தது. இவ்வளவு நேரத்தில் வாசலுக்கு வந்துபோனவள் ரஃபத் மட்டும்தான். அம்சவேணி குனிந்து தொட்டுப் பார்த்தாள். செருப்பு சுடவில்லை.